ஏரியைத் தூர்வாரினால் போதாது, ஆள் போட வேண்டும்

ஏரிகளைத் தூர்வாருவதற்குத் தமிழக அரசு தொடர்ந்து பணம் ஒதுக்கி வருகிறது. 2017இல் குடிமராமத்துத் திட்டம் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளோடு தொடங்கியது. 2019-20இல் 1,829 பணிகளுக்கு 499.68 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது செய்ய வேண்டிய செலவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏரி நிரம்பிய பிறகு மடையைத் திறப்பது யார், எத்தனை நாழி திறப்பது, தண்ணீர் குறைந்தால் யார் வயலுக்கு முதலில் என்ற கேள்விகளுக்கு இந்தச் செலவில் விடை கிடையாது. மாநிலத்தில் ஏரி, கண்மாய், தாங்கல் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 39,000 இருக்கின்றன. 1960களின் தொடக்கத்தில் 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பாய்ந்த ஏரிப் பாசனம் பிறகு பெரிதும் சுருங்கிவிட்டது. வண்டலும் ஆக்கிரமிப்பும் வரத்துக்கால் அடைப்பும் காரணங்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த ஆளை இழந்ததும் அதே அளவுக்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

அந்த ஆளுக்கு நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கொரு பெயர். மழைக்காலத்தில் இரவும் பகலும் கரையைச் சுற்றி வந்து, எலிவளை, நண்டுவளை கண்ட இடத்தில் மண் போட்டு அடைப்பது அவர் வேலை. நிறைந்த ஏரியில் மூழ்கிக் குமிழியின் அடைப்பை எடுத்துவிடுவதும் அவரே. அறுவடைவரை எந்த வாய்க்காலுக்கு எத்தனை நேரம் என்று முறை வைத்து, மண்வெட்டியோடு வயல் வயலாக நடப்பார். பல ஊர்களில் நிலத்துக்காரர் மடையில் கை வைக்கவே கூடாது. எவ்வளவு பெரிய மிராசுதாராக இருந்தாலும் நீர்க்கட்டி திறந்துவிட்டால்தான் தண்ணீர். பெரும்பாலும் அவருக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் இருக்காது, அதனால் தன் வயலுக்குக் கூடுதலாகத் திருப்பினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏரி பாதிதான் நிரம்பியிருக்கிறது என்றால், தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து, எத்தனை ஏக்கருக்கு நடவு தாங்கும் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லக்கூடியவரும் அவர்தான். பாசனப் பொறியியல் என்று நாம் கல்லூரியில் கற்பிப்பதில் பாதி இந்த ஒருவரின் அன்றாட வேலையாக இருந்தது.

கட்டுமானத்தைவிடப் பங்கீடு முக்கியம் என்பதற்கு நேபாளத்தில் நல்ல சான்று உண்டு. 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் அவருடன் இணைந்து ஆய்வு செய்தவர்களும் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஒப்பிட்டார்கள். அரசு கான்கிரீட்டில் கட்டி நிர்வகித்த வாய்க்கால்களைவிட, உழவர்கள் மண்ணும் கல்லும் கொண்டு கட்டித் தாங்களே நடத்தியவை கடைமடைக்கு நம்பகமாகத் தண்ணீர் கொடுத்தன. ஆண்டுதோறும் அணையைச் செப்பனிடக் கடைமடைக்காரரின் உழைப்பு தேவைப்பட்டவரை தலைமடைக்காரர் அவருக்கு இறங்கிவந்தார். நிரந்தரக் கட்டுமானம் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. கரையை உயர்த்திவிட்டுப் பங்கீட்டை விதிக்கு விட்டுவிடும் நம் திட்டங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

நீர்க்கட்டி முறையைத் திரும்பக் கொண்டுவருவது சாதிய ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவதாகாதா? இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. பல பகுதிகளில் இவ்வேலை தலைமுறை தலைமுறையாகத் தலித் குடும்பங்களின் மேல் சுமத்தப்பட்டது. கூலி, களத்தில் அளந்து போட்ட நெல். கிராமம் கூடிச் செய்தது என்று நாம் புகழும் ஏரிப் பராமரிப்புக்குள் எவ்வளவு அதிகாரமும் சாதிப் படிநிலையும் இருந்தன என்பதைச் சிவகங்கை, ராமநாதபுரம் பகுதியின் கண்மாய்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் விரிவாகக் காட்டியிருக்கிறார். குடிமராமத்து என்ற அந்தப் பழைய ஊர்ப் பராமரிப்பைக் கட்டாய உழைப்பாக்கி 1858இல் ஆங்கில அரசு போட்ட சட்டமும் பயன் தரவில்லை. ஆகவே பழையபடி என்ற பேச்சே வேண்டாம். நான் கேட்பது பணி நியமனம்: யாரும் விண்ணப்பிக்கலாம், பெண்களும் வரலாம், பருவத்துக்கு ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் மாதச் சம்பளம், விபத்துக் காப்பீடு, கையில் முறைப்பதிவேடு. மடையைத் தொட்டவரைக் கேள்வி கேட்கும் அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல், நிலமற்ற ஒருவர் நிலமுள்ளவரை எதிர்த்து நிற்க முடியாது.

ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு ஏரி மடை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இலவச மின்சாரம் எல்லா உழவர்களுக்கும் வந்த 1990க்குப் பிறகு கிணற்றுப் பாசனம் பெருகியது உண்மை. ஆனால் ஆயக்கட்டுக் கிணறுகள் ஊறுவதே ஏரித் தண்ணீரில்தான். கிணறு வைத்திருப்பவர் மடையைப் பற்றிக் கவலைப்படாமல் விலகிவிட, கிணறில்லாத சிறு விவசாயி அவரிடமே விலைக்குத் தண்ணீர் வாங்குகிறார். எனவே நீர்க்கட்டியின் சம்பளத்தில் கிணற்றுக்காரரின் பங்கு கட்டாயம் இருக்க வேண்டும். ஊற்று அவருக்கும் பொது நீர்தான்.

பணம் எங்கே என்பது கடைசித் தடை. நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால், ஒரு நெற்பருவத்தின் 120 நாளுக்கு 60,000 ரூபாய். 100 ஏக்கர் ஆயக்கட்டில் ஏக்கருக்கு 600. 2019-20 குடிமராமத்துக் கணக்கில் ஒரு பணிக்குச் சராசரி 27 லட்சம். அத்தொகையில் ஒரு நீர்க்கட்டிக்கு 45 பருவம் சம்பளம் கொடுக்கலாம். பாதியை அரசும் பாதியை ஆயக்கட்டுதாரரும் ஏற்கலாம். முழுவதையும் அரசே கொடுத்தால் அவர் பதில் சொல்ல வேண்டியது அலுவலகத்துக்கு என்றாகிவிடும், கடைமடைக்காரருக்கு அல்ல. பாசன அமைப்புகளை உழவர்களே நிர்வகிக்க வழிசெய்யும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் நீர்ப்பங்கீட்டை உழவர் சங்கங்களின் பொறுப்பாக வைத்திருக்கிறது. தூர்வாரும் வேலையைச் சங்கத்திடம் ஒப்படைக்க முடிந்த அரசு, நீர்க்கட்டியை நியமித்த சங்கத்துக்கே அந்த வேலை என்று நிபந்தனை போட முடியும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள, ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலிருக்கும் ஏரிகளே எண்ணிக்கையில் மிகுதி. அங்கே ஒன்றியமே முன்வந்து, புரட்டாசி முடிவதற்குள் ஆளை நியமித்து, முறைப்பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டலாம்.