கட்டத்துக்குப் பெயர் வேண்டும்

இன்ஜினியரிங் படிக்கும் பேத்தி போன வாரம் 'சி' மொழிப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். "உங்களுக்குப் புரியாது தாத்தா" என்றாள். காலமெல்லாம் படிவம் நிரப்பியவனுக்கா புரியாது?

அதுவும் படிவம்தான். நாள், மாதம், வருஷம் என்று மூன்று கட்டம் சேர்ந்தது 'ஸ்ட்ரக்சர்'. அடைப்புக்குள் 5, 8, 1951 என்று வரிசையாக எழுதினால் கட்டங்கள் நிரம்பிவிடும். டெனிஸ் ரிட்சி 1970களில் உருவாக்கிய மொழி, எழுதச் சுலபம். ஆனால் பின்னால் ஒருவர் மாதக் கட்டத்தை முதலில் வைத்துவிட்டால், ஆகஸ்ட் 5 என்பது மே 8 ஆகிவிடும். எல்லாமே எண்தானே, சரிபார்க்கும் கம்பைலர் வாய் திறக்காது.

இந்தக் கூத்து எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பதிவேட்டின் நடுவே புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்கள். பழைய பழக்கத்தில் கை போன போக்கில் எழுதிய குமாஸ்தா (நான்தான், வேறு யார்) கணவர் இறந்த தேதியை ஓய்வு பெற்ற தேதிக் கட்டத்தில் எழுதிவிட்டேன். அந்த அம்மாளுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஏழு மாதம் தள்ளிப்போயிற்று. ஏழு மாதமும் படியேறி வந்து என் மேஜை முன் நின்றார். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை.

1999-ஆம் வருஷத்துத் தரவிதியில் 'சி'க்குப் புத்தி வந்தது. புள்ளி வைத்துக் கட்டத்தின் பெயரைச் சொல்லியே நிரப்பலாம். வரிசை மாறினாலும் பரவாயில்லை. சி++ இதை 2020-இல்தான் சேர்த்துக்கொண்டது. அதிலும் பெயர் சொன்னாலும் வரிசை தப்பக் கூடாதாம். எங்கள் பழைய சூப்பிரண்டெண்ட் மாதிரி.

எனக்கு ஒத்துவராதது இன்னொன்று. எழுதாமல் விட்ட கட்டத்தில் சி-யும் கோ மொழியும் தாமாகவே பூஜ்யம் போட்டுவிடுகின்றன. அது யோசித்து எழுதிய பூஜ்யமா, மறந்துபோனதா? பிரெஞ்சுப் படிவத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்றால் 'நேயான்' என்று எழுதுவோம். ஒன்றுமில்லை என்பதையும் கைப்பட எழுத வேண்டும்.

ரஸ்ட் என்ற மொழி அப்படித்தான். ஒரு கட்டம் விட்டுப்போனாலும் கம்பைல் ஆகாது. மீதியை வழக்கமான மதிப்பால் நிரப்பு என்றால் அதையும் இரண்டு புள்ளி வைத்து எழுதிச் சொல்ல வேண்டும்.

"அத்தனையும் டைப் அடித்தால் கை வலிக்கும் தாத்தா" என்கிறாள். வலிக்கட்டும் என்றேன்.