வெயிலில் நின்றால் போதுமா?

வெட்டவெளியில் பலகையை நிறுத்தி, கண்ணெதிரே இருப்பதை அங்கேயே எண்ணெய் வர்ணத்தில் தீட்டி முடித்தால்தான் இயற்கைக் காட்சியில் உண்மை இருக்குமாம்; அறையில் உட்கார்ந்து தீட்டினால் வெறும் ஜோடனையாம். இப்படி ஒரு கட்சி வெகு காலமாக முழங்கி வருகிறது. சுத்த அபத்தம்!

இந்தக் கட்சியாருக்குக் குலதெய்வம் கிளாட் மோனே. அவர் 1899 முதல் 1901 வரை லண்டனுக்குப் போய்த் தேம்ஸ் நதியையும் மூடுபனியையும் தீட்டினார். பெரும்பாலும் சவாய் ஹோட்டல் அறையிலிருந்துதான்! அந்தப் படங்கள் பாரிஸில் காட்சிக்கு வந்ததோ 1904-இல். இடையே அவற்றை ஜிவெர்னியில் தம் சித்திர அறையில் வைத்துக்கொண்டு மேலும் மேலும் தீட்டினார்.

கான்ஸ்டபிளும் சோம்பேறி அல்ல. ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களைத் தீட்டி, பின்புறத்தில் தேதி, நேரம், காற்றின் போக்கு எல்லாம் குறித்தவர். ஆனால், ஆறடி அகலமுள்ள 'வைக்கோல் வண்டி'யை அவர் 1821-இல் முடித்தது லண்டன் அறையில். ஸ்டூர் ஆற்றங்கரையில் அல்ல.

காரணம் எளியது. வெளியே வெளிச்சம் காத்திருக்காது. எண்ணெய் வர்ணம் காயவோ நாள் கணக்காகும். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று யோசிக்க அங்கே அவகாசம் ஏது?

வெளியே போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகாதவன் படத்தில் காற்று வீசாது. ஆனால் பார்த்தது கச்சாப் பொருள்தான். கதை எழுதுகிறவனுக்கும் இதே கதிதான்: கண்டதை அப்படியே கொட்டினால் அது போலீஸ் ரிப்போர்ட். அவசரத்துக்கு உண்மை என்று பெயர் வைக்காதீர்கள்.