காபியைச் சொல்றாங்க, களைக்கொல்லியைச் சொல்ல மாட்டேங்கறாங்க!



கை நடுங்கும், நடை தளரும், முகம் இறுகும். இதுதான் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம். காபி குடி, வேகமா நட, இது வராது என்று பத்திரிகைகளில் ஆய்வுச் செய்தி வருகிறது. புகை பிடிக்கிறவர்களுக்கு இது குறைவு என்றுகூட ஆய்வு இருக்கு. அதுக்காக பீடி பத்த வைக்கலாமா?

இவை பெரும்பாலும் ஜனங்களின் பழக்கத்தைக் கேட்டு எழுதி, யாருக்கு நோய் வந்தது என்று போட்ட கணக்குகள். கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே நோய் உள்ளே தொடங்கிவிடுகிறது. வாசனை தெரியாது, மலச்சிக்கல் வரும், உடம்பு தளரும். அவர் நடையைக் குறைப்பார். நடக்காததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் நடக்கலையா? காபியில் உள்ள காஃபீனை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்த சோதனை 2017இல் வெளிவந்தது. கைகால் அசைவில் முன்னேற்றம் இல்லை.

நடை உடம்புக்கு நல்லதுதான். ஆனா நாள் பூரா மேடு ஏறி இறங்கும் நம்மகிட்ட வந்து 'உன் பழக்கம் சரியில்ல' என்றால் பழி யார் தலையில்?

அமெரிக்காவில் மருந்தடிப்பவர்களிடம் எடுத்து 2011இல் வெளிவந்த ஆய்வில், பாராகுவாட் களைக்கொல்லி பயன்படுத்தியவர்களுக்கு இந்நோய் சுமார் இரண்டரை மடங்கு. அதுவும் கேட்டு எழுதின கணக்குதானே என்பான் கம்பெனிக்காரன். சரி. ஆனா எலிகளிடம் செய்த சோதனைகளிலும் மூளை நரம்பு கெட்டதைப் பார்த்திருக்காங்க. காபி கணக்கு தப்பானா காபிக் காசோடு போச்சு. இது ஒரு வாய் உள்ளே போனாலே உயிர் போகும், முறிமருந்தும் கிடையாது.

சுவிட்சர்லாந்து 1989இல் தடுத்தது. ஐரோப்பாவில் 2007இல் நீதிமன்றமே அனுமதியை ரத்து செய்தது. பக்கத்துக் கேரளம் 2011இல் தடை போட்டது. பூச்சிமருந்தைக் கையாண்ட விவசாயிக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில் நோய் என்று பிரான்ஸ் 2012இல் ஏற்றது.

நம்ம காவலூரில் 1986 முதல் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரத்தை ஆராய்கிறார்கள். நல்லது. முதுகில் டேங்க் மாட்டி மருந்தடிக்கிறவன் கையை எப்போ பார்ப்பீங்க?

நமது கோரிக்கைகள்:

1. பாராகுவாட்டை நாடு முழுக்கத் தடை செய்!

2. மருந்தடிக்கும் கூலியாளுக்குக் கையுறை, முகக்கவசத்தை இலவசமாகக் கொடு!

3. மருந்தடித்தவருக்கு வரும் நடுக்குவாதத்தைத் தொழில் நோய் என்று அறிவித்து நிவாரணம் வழங்கு!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம், காவலூர்