பழைய காரில் குழந்தை சீட்: வாங்கினால் மட்டும் போதுமா?

குழந்தை பிறந்த வீட்டுக்கு வரும் சீர்வரிசையில் இப்போது கார் சீட்டும் சேர்ந்துவிட்டது. வெள்ளிக் கொலுசு, பால் கிண்ணம், தொட்டில் துணியோடு, டெக்சாஸிலிருந்து விடுமுறைக்கு வரும் சித்தப்பா தூக்கிவரும் பெரிய அட்டைப்பெட்டியும் உண்டு. மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் இது புதுக் காட்சியல்ல. பெட்டியைப் பிரித்து, கீழே பார்க்கிங்கில் நிற்கும் 2012 மாடல் ஹேட்ச்பேக்கில் வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பெல்ட் நீளம் பத்தாது. எப்படியோ மாட்டினால், சீட் ஊஞ்சல் மாதிரி ஆடும். ‘ஐசோஃபிக்ஸ்’ கம்பி எங்கே என்று இருக்கைக்கும் முதுகுக்கும் இடையில் விரலை விட்டுத் தேடினால், ஒரு பிஸ்கட் துண்டும் பழைய சுங்கச்சாவடி ரசீதும்தான் கிடைக்கும்.

உடனே வீட்டில் இரண்டு முடிவுகளில் ஒன்று எடுக்கப்படும். “ஆடினா ஆடட்டும், சீட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல” என்பது ஒன்று. “இந்தக் காருக்கெல்லாம் அது ஆகாது, பாட்டி மடியிலயே வரட்டும்” என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. பாதுகாப்பு என்பது விலை உயர்ந்த சீட்டுக்குள்ளும் இல்லை, புதுக் காருக்குள்ளும் இல்லை. சீட்டும் காரும் சேரும் அந்த ஒரு பிடிமானத்தில் இருக்கிறது. அதைச் சரிபார்ப்பது நம் ஊரில் யாருடைய வேலையும் இல்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை.

மடி ஏன் போதாது?

“கேம்ப் ரோட்டுல 20 கிலோமீட்டர் வேகத்துல ஊர்ந்து போறதுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்ற கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். ஆனால் அதே கார்தான் ஜிஎஸ்டி சாலையில் திண்டிவனம் வழியாக ஊருக்குப் போகிறது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையிலும் ஓடுகிறது.

ஒரு எளிய கணக்கு போதும். மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 14 மீட்டர். மோதலில் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கார் நின்றுவிட்டால், 7 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 100 கிலோவைத் தாங்கும் பலம் தேவைப்படும். எந்தப் பாட்டியின் கையிலும், எந்த அப்பாவின் கையிலும் அது கிடையாது. மடியில் வைத்திருப்பவரும் பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய முழு எடையும் குழந்தையின் மேல்தான் விழும். குழந்தையையும் சேர்த்துத் தன் பெல்ட்டுக்குள் போட்டுக்கொள்வதும் அதே அளவு ஆபத்துதான்.

முறையாகப் பொருத்திய சீட், கைக்குழந்தைகளின் விபத்து மரணத்தைச் சுமார் 70 விழுக்காடு வரை குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய சொல் ‘முறையாக’ என்பதே.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் மூன்று மாதக் குழந்தைக்கு சீட் பெல்ட் போடவே முடியாது. 13 வயதுப் பையனையும் தொட்டில் குழந்தையையும் ஒரே வரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது சட்டம். சீட் இருந்தால் போதும். அது ஆடுகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று கேட்பதில்லை.

ஐசோஃபிக்ஸ் இல்லாத கார் ஆகாதா?

ஆகும். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் “புதுக் கார் வாங்கிட்டு அப்புறம் சீட் போட்டுக்கலாம்” என்று தள்ளிப்போடும் வீடுகள் நிறைய. ஐசோஃபிக்ஸ் என்பது பின் இருக்கையில், காரின் உடலோடு சேர்த்துப் பற்றவைத்த இரண்டு இரும்புக் கம்பிகள். இரண்டுக்கும் இடையே 28 செ.மீ. தூரம் இருக்கும். சீட்டின் கொக்கிகள் இதில் ‘க்ளிக்’ என்று மாட்டிக்கொள்ளும். தப்பாக மாட்டும் வாய்ப்பு குறைவு என்பதுதான் இதன் பெரிய லாபம். அதற்காக, பெல்ட்டால் சரியாகக் கட்டிய சீட் பாதுகாப்பில் மட்டம் என்று அர்த்தமில்லை. பெல்ட் முறையில் பிழை செய்ய வழி அதிகம், அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 1-ல் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில், குழந்தைப் பாதுகாப்புக்கான 49 மதிப்பெண்களில் 12 மதிப்பெண் குழந்தை சீட்டுகள் அந்தக் காரில் சரியாகப் பொருந்துகின்றனவா என்பதற்கே தரப்படுகிறது. பொருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அது புது மாடல்களுக்கான சோதனை. பார்க்கிங்கில் ஏற்கெனவே நிற்கும் காரை வீட்டுக்காரர்கள்தான் சோதிக்க வேண்டும்.

எப்படி? சீட்டைப் பின் இருக்கையில், குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். குறைந்தது 15 மாதம் வரை இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது ஐநா-வின் 129-வது விதி. சீட் அனுமதிக்கும் எடை, உயரம் வரை நீட்டித்தால் இன்னும் நல்லது. தலை பெரிதாகவும் கழுத்து மெலிதாகவும் உள்ள வயதில், மோதலின் வேகத்தை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்வதற்காகவே இந்த ஏற்பாடு. ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் இப்படி வைக்கவே கூடாது. விரியும் ஏர்பேக் சீட்டின் முதுகில் இடித்து குழந்தையின் உயிரையே பறித்துவிடும்.

பெல்ட்டை அதற்கான தடத்தில் விட வேண்டும். பின்னோக்கிய சீட்டில் அந்தத் தடம் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். கையால் நன்றாக அழுத்திக்கொண்டு தளர்வை முழுக்க இழுத்து எடுக்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்திலேயே பிடித்து அசைத்துப் பாருங்கள்: ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் மேல்முனை கொஞ்சம் ஆடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பழைய சின்னக் கார்களில் தகராறு மூன்று இடத்தில் வரும். பெல்ட்டைச் சீட்டின் முதுகைச் சுற்றிக் கொண்டுவர நீளம் போதாது. பக்கிளின் தண்டு நீளமாக இருந்து சீட்டின் விளிம்பில் மடங்கி நிற்கும். விபத்தில் அந்த இடம் உடையலாம். இருக்கையின் பஞ்சு அமுங்கிப்போய், சீட் சரிவாக நின்று குழந்தையின் தலை முன்னால் தொங்கும். கடைசிக் குறைக்கு, சீட்டின் கையேடு அனுமதித்தால், சுருட்டிய துண்டை அடியில் வைத்துக் கோணத்தைச் சரிசெய்யலாம். முதல் இரண்டுக்கும் வேறு சீட்தான் தீர்வு. ஆன்லைனில் விற்கும் பெல்ட் நீட்டிப்புத் துண்டுகளை வாங்கி ஒட்டுப்போடுவது தீர்வல்ல. அதனால், கடைக்குப் போகும்போது காரையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். காரில் வைத்துப் பார்க்க விடாத கடையில் வாங்காமலிருப்பது நல்லது. கைப்பிடி வைத்த ‘கேரி காட்’ எல்லாம் கார் சீட் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏஐஎஸ் 072 அல்லது ஐநா விதி 44, 129 என்ற தரக் குறிப்பு இல்லாதது வெறும் கூடைதான்.

அமெரிக்க சீட், இந்திய பெல்ட்

சித்தப்பா கொண்டுவந்த பெட்டிக்கு வருவோம். அன்போடு வந்த பொருள், விலையும் அதிகம். ஆனால் அது அமெரிக்கக் காரை நினைத்துச் செய்தது. அங்கே 1996 மாடல் முதல் பயணிகள் பெல்ட்டுகள் குழந்தை சீட்டுக்காக இறுகப் பூட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது விதி. பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து மெல்ல விட்டால், பல கார்களில் ‘டிக் டிக்’ என்ற ஒலியோடு உள்ளே போகும்; பிறகு வெளியே வராது. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. வெடுக்கென்று இழுத்தால்தான் பெல்ட் பிடிக்கும்; மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். சித்தப்பா வீட்டில் இறுகி நின்ற அதே சீட், மாடம்பாக்கத்தில் இரண்டு திருப்பத்திலேயே தளர்ந்துவிடும்.

வழி இல்லாமல் இல்லை. பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு சில சீட்டுகளிலேயே இருக்கும். இல்லாதவற்றுக்கு ‘லாக்கிங் கிளிப்’ என்ற எச் வடிவ உலோகத் துண்டு உண்டு. பெல்ட்டின் நாக்குக்கு ஓர் அங்குலத்துக்குள் மாட்ட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், பழைய கார்களின் நடு இருக்கையில் எல்லோரும் மட்டமாகப் பார்க்கும் இடுப்பு பெல்ட், கையால் இழுத்து இறுக்கும் வகை என்பதால் பல அமெரிக்க சீட்டுகளுக்கு ஒத்துப்போகும். ஐரோப்பிய வகைக் கூடை சீட்டுகளுக்கோ பெரும்பாலும் மூன்று முனை பெல்ட்தான் வேண்டும். எது எதற்கு என்பது சீட்டின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடும் முன் கையேட்டை எடுத்துவைப்பது உத்தமம்.

தண்ணீர் பார்த்த பெல்ட்

தாம்பரம் வட்டாரத்துக்கென்றே ஒரு கவலை உண்டு. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளத்தில் தெருவில் நின்ற கார்கள் மூழ்கின. மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு செகண்ட் ஹாண்ட் சந்தைக்கு வருவதும் நடக்கும். இன்ஜினைப் பார்க்கிறவர்கள் பின் இருக்கை பெல்ட்டைப் பார்ப்பதில்லை. அதைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை காட்டிக்கொடுத்துவிடும். நுனி பிசிறு விட்டிருக்கிறதா, வெடுக்கென்று இழுத்தால் பிடிக்கிறதா, பக்கிள் ஒரே அழுத்தில் விடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் ஒன்று சரியில்லை என்றாலும், எந்த விலை சீட் வைத்தும் பயனில்லை. பெல்ட் தொகுதியையே மாற்ற வேண்டும்.

யார் பார்ப்பது?

தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே விபத்தில் இறந்தபோது, அவர் பின் இருக்கையில் பெல்ட் அணியவில்லை என்பது நாடு முழுக்கப் பேசப்பட்டது. பேச்சு கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. குழந்தைகளைப் பற்றி அந்த அளவுக்குக்கூடப் பேச்சு வரவில்லை.

தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். இடையில் தகுதிச் சோதனை கிடையாது. 2012-ல் பதிவான கார் ஆய்வாளர் முன் நிற்க வேண்டியது 2027-ல்தான். அதற்குள் அதன் பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போயிருக்கும். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், பயன்பாட்டில் உள்ள குழந்தை சீட்டுகளில் கிட்டத்தட்ட பாதி தவறாக மாட்டப்பட்டிருந்தன. பயிற்சி பெற்றவர்கள் சீட்டை இலவசமாகச் சரிபார்த்துத் தரும் ஊரிலேயே இந்த நிலை.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் இங்கே ஹெல்மெட் பேரணி நடக்கிறது; நல்லதுதான். தாம்பரம் ஆர்டிஓ அலுவலகம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை கார் சீட் சரிபார்ப்புக்கென்று ஒதுக்கினால் என்ன? பிரசவ மருத்துவமனைகள், தடுப்பூசி அட்டையைக் கொடுக்கும்போதே “எப்படிம்மா வீட்டுக்குப் போறீங்க, வண்டியில சீட் இருக்கா?” என்று கேட்டு அந்தத் தேதியைச் சொல்லி அனுப்பலாம். தாம்பரம் மாநகராட்சி இதில் சேர்ந்தால் சேலையூருக்கும் மாடம்பாக்கத்துக்கும் அதுவே வரும். பெரிய செலவு பிடிக்கும் திட்டமில்லை. நிழலான ஓர் இடம், கையேடுகளைப் படித்த இரண்டு பேர், ஒரு காருக்குப் பதினைந்து நிமிடம்.