புதிருக்கு விடை தேடலாம், பணம் கட்டலாமா?

தேவாரத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள் பொழுது சாய்ந்ததும் ஜீப்பில் வீடு திரும்புகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் பையன் செல்போனைப் பார்த்துப் புதிரை வாசிக்கிறான். பழமொழி என்றால் பாட்டி விடை சொல்லுகிறாள். செடி கொடி என்றால் அப்பா. கணக்கு என்றால் அக்காள். நல்ல காட்சிதான்!

ஆனால், "முதலில் 50 ரூபாய் கட்டு" என்று போட்டி நடத்துகிறவர் கேட்டால்? அங்கேதான் வம்பு.

இது பழைய வம்பு. 1950-களில் வந்த குறுக்கெழுத்துப் போட்டிகள் பலவற்றிலும் நுழைவுக் கட்டணம் உண்டு. உதாரணத்துக்கு, கட்டத்தில் "ப - ம்" என்று இருக்கும். "தேர்தலில் நிற்பவருக்கு இது தேவை" என்பது குறிப்பு. பணமா, பலமா? இரண்டும் பொருந்தும்! (எது இருந்தால் எது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள்.) "சரியான விடை" முன்பே உறைக்குள் முத்திரையிடப்பட்டிருக்கும். அதனால் ஒருவரே பத்துக் கூப்பன் அனுப்புவார். ஒவ்வொன்றுக்கும் காசு. இதில் அறிவுக்கு என்ன வேலை?

1955-இல் சட்டம் வந்தது. மாதப் பரிசு மொத்தம் 1,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றது. அது சூதாட்டம் போன்ற போட்டிகளுக்கே பொருந்தும், திறமைப் போட்டிகளுக்கு அல்ல என்று 1957-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 2025-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டு எதுவானாலும் கூடாது என்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா என்று அது பார்ப்பதில்லை.

அதுவே சரி என்பது என் கருத்து. தினக்கூலிக் குடும்பத்தில் 50 ரூபாய் என்பது காய்கறிக் காசு.

கட்டணம் கேட்காத போட்டிகளும் உண்டு. அவற்றுக்கு விடை அனுப்பட்டும். பரிசாக டிபன் கேரியர் வந்தால், அது பாட்டிக்கா, அக்காளுக்கா என்று வீட்டில் சண்டை நடக்கட்டும்!