2022 பொருளாதாரச் சரிவின் காரணங்கள் குறித்து எமது நிலைப்பாடு

வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென இலங்கை 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. கொரோனாவும் உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் உக்ரேன் போருமே நாட்டைக் கவிழ்த்தன என்ற விளக்கத்தை, கமக்காரரும் கடற்றொழிலாளரும் அங்கம் வகிக்கும் எமது சங்கம் ஏற்கவில்லை. அதே நோயையும் அதே எண்ணெய் விலையையும் சந்தித்த நாடுகள் பல, மருந்துக்கும் பால்மாவுக்கும் டொலர் இன்றித் தவிக்கவில்லை. அடி பலமாக விழுந்தது உண்மை. அதைத் தாங்கும் வலுவை நாட்டிடமிருந்து பறித்தவை கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகள்.

கடன் பழைய கதை. 2007இல் 50 கோடி டொலருக்கு முதலாவது சர்வதேசப் பிணைமுறி விற்கப்பட்டது. அதன்பின் எந்தக் கட்சி ஆண்டாலும் பழைய முறியை அடைக்கப் புதிய முறி விற்றே காலம் தள்ளியது. சீனக் கடன்தான் விழுத்தியது என்பாரும் உண்டு. அக்கடனில் கட்டப்பட்ட மத்தள விமான நிலையத்தை நாமும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கழுத்தை இறுக்கியவை, கூடிய வட்டியோடு குறித்த நாளில் முழு முதலையும் கேட்கும் இந்தப் பிணைமுறிகளே.

அப்படிக் கடன்பட்ட நாடு 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதமளவுக்கு இறங்கியது. வெளிச்சந்தையில் கடன் கொடுக்க ஆளில்லை. மத்திய வங்கி ரூபாவை அச்சிட்டுக்கொண்டே டொலரின் விலையை 200 ரூபாவை அண்டிப் பிடித்து வைத்தது. வங்கிக்கு வெளியே பணம் அனுப்பும் உண்டியல் முறையில் கூடுதல் ரூபா கிடைத்ததால் வெளிநாட்டில் உழைக்கும் எம் பிள்ளைகள் வங்கியைக் கைவிட்டார்கள். 2020இல் 710 கோடி டொலராக வந்த பணம் மறு ஆண்டு 550 கோடியானது. மிஞ்சியிருந்த கையிருப்பிலும் 50 கோடி டொலரை 2022 ஜனவரியில் பிணைமுறிக்காரருக்கு எண்ணிக் கொடுத்தார்கள். மார்ச்சில் மருந்தில்லாமல் சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. ஜனவரியில் எடுத்த அந்த ஒரு முடிவை எம்மால் மன்னிக்க முடியாது.

பசளைத் தடையை எமது அங்கத்தவர் வயலிலேயே அனுபவித்தார்கள். 2021 மே மாதம், எந்த ஆயத்தமும் இன்றி, இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. இயற்கை விவசாயம் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். யூரியா காணாத பயிர் மஞ்சளித்தது, மட்டம் வெடிக்கவில்லை, கதிர் சிறுத்தது. நவம்பரில் தடை நீங்கியபோது காலபோக விதைப்பு பெரும்பாலும் முடிந்திருந்தது. சோற்றுக்கு அரிசியும் இறக்குமதியாயிற்று.

அன்றைய ஆட்சியாளர்களான கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச ஆகியோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்களின் நம்பிக்கையை மீறினர் என உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. செலவைச் சுமந்தவர்களோ வேறு ஆட்கள். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. சிறு படகுகள் கரையில் கிடந்தன. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளைத் தவிர்த்துவிட்டு ஊழியர் சேமலாப நிதியில் கைவைத்தார்கள். தோட்டத் தொழிலாளியின் முதுமைக்கான காசு அதில் இருக்கிறது.

ஆகவே எமது கோரிக்கைகள்: சேமலாப நிதிக்கு நேர்ந்த இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும். சிறு படகுகளுக்கான மண்ணெண்ணெய்க்கு நிலையான மானியம் வேண்டும். 2024இல் 18 வீதமாக்கப்பட்ட பெறுமதி சேர் வரியைக் குறைத்து, அந்த வருமானத்தைப் பெருஞ்சொத்துகள் மீதான வரியால் திரட்ட வேண்டும். இனி வெளிநாட்டுப் பிணைமுறி எதுவும் அதன் வட்டி, தவணை, பயன்பாடு ஆகியவை பாராளுமன்றத்தில் விவாதிக்கப்படாமல் விற்கப்படக் கூடாது.