பெருமம் காணும் சடங்கு

மத்தியக் கல்வி வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில், எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்களில் 35 நுண்கணிதத்துக்கே உரியவை. அதில் பெருமம், சிறுமம் காணும் கணக்கை நம் மாணவர்கள் போடும் முறையைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

பாடநூலில் உள்ள பெட்டிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 18 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகரத்தின் நான்கு மூலைகளிலும் சமமான சிறு சதுரங்களை வெட்டி நீக்கி, ஓரங்களை மடித்து, மூடியில்லாப் பெட்டி செய்ய வேண்டும். கொள்ளளவு மிகுதியாக இருக்க எவ்வளவு வெட்டுவது? மாணவன் கொள்ளளவை எழுதுவான், வகையிடுவான், பூச்சியத்துக்குச் சமனாக்குவான். 3, 9 என இரு விடைகள் வரும். இரண்டாம் வகைக்கெழு 3-இல் -72. ஆகவே பெருமம், 432 கன செ.மீ. மந்திரம் முடிந்தது, தீபாராதனைதான் பாக்கி!

ஏன் 3 என்று கேட்டால் விழிப்பான். வெட்டும் அளவின் நான்கு மடங்கோடு அடிப்பக்கத்தை இருமுறை கூட்டிப் பாருங்கள், எப்போதும் 36. கூட்டுத்தொகை மாறாத மூன்று மிகை எண்களின் பெருக்கற்பலன், அவை சமமாகும்போதே மிகப் பெரிது. ஆக ஒவ்வொன்றும் 12, வெட்டு 3. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். எல்லாக் கணக்குக்கும் இவ்வழி கிட்டாது என்பது உண்மையே. நுண்கணிதத்தின் பெருமையை நான் குறைக்க வரவில்லை. வேறு வழியில் சரியாகச் செய்தாலும் மதிப்பெண் உண்டுதான். ஆயினும் தேர்வு மண்டபத்தில் அதற்குத் துணிபவர் யார்?

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. இரண்டாம் வகைக்கெழு குறை எண்ணாவது, அவ்விடம் அக்கம்பக்கத்தில் ஒரு சிகரம் என்பதை மட்டுமே காட்டும். ஊரிலேயே உயரமான சிகரம் அதுதானா? வெட்டு 0 ஆனாலும் 9 ஆனாலும் பெட்டியே இல்லை, கொள்ளளவு பூச்சியம் என்று ஒரு வரி எழுதினால்தான் வாதம் நிறைவுறும். அந்த வரியை எழுதுவோர் அரியர். திருத்துவோரும் கேட்பதில்லை.

அதே நூலில் 28 மீட்டர்க் கம்பியை இரண்டாக வெட்டிச் சதுரமும் வட்டமும் ஆக்கும் கணக்கு இருக்கிறது. மொத்தப் பரப்பு சிறுமமாக வேண்டுமாம். சதுரத்துக்குச் சுமார் 15.7 மீட்டர் என்று வகையீடு சொல்லிவிடும். வினாத்தாள் அமைப்போர் ஒருமுறையேனும் இதைத் திருப்பிக் கேட்கட்டும்: கம்பியை வெட்டாமலும் விடலாமெனில், பரப்பு பெருமமாவது எப்போது? முழுக் கம்பியும் சதுரமானால் 49 சதுர மீட்டர், வட்டமானால் சுமார் 62.4. வகைக்கெழு பூச்சியமாகும் இடத்தில் கிடைப்பதோ 27.4 மட்டுமே.